என்ஜின் ஆயில் மாற்றப்பட்டதா?
டிராக்டர் வைத்திருப்போர் அறியவேண்டியவை

காஞ்சிபுரத்திற்குப் பட்டுச் சேலை வாங்க வருவோர் முதலில் சரிகையைத்தான் கவனிப்பர். விவரம் அறிந்தவர் ஓர் இழையை மெல்லச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பர். நெசவாளர்களுக்குத் தரமான சரிகை கிடைக்கவேண்டும் என்பதற்காக 1971-ஆம் ஆண்டில் அரசுச் சரிகை ஆலை ஒன்றும் இந்நகரில் நிறுவப்பட்டது. சேலை விஷயத்தில் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் நாம், பல லட்ச ரூபாய் பெறுமான டிராக்டரைப் பட்டறையில் விட்டுவிட்டு, “ஆயில் மாற்றியாயிற்று” என்ற ஒரு சொல்லை நம்பித் திரும்பி வந்துவிடுகிறோம்.

1960-ஆம் ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றிய காலத்தில், கிராமங்களில் டிராக்டரைக் காண்பதே அரிது. இன்றோ உத்திரமேரூர், வாலாஜாபாத் பகுதிகளில் உழவு முதல் நெல் ஏற்றுவது வரை அதனை நம்பியே நடைபெறுகின்றன. ஆகவே ஆயில் மாற்றத்தைச் சரிபார்க்கும் முறையை ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆயில் செய்யும் பணி

என்ஜினுக்குள் உராயும் பாகங்களுக்கிடையே ஆயில் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது; வெப்பத்தை வெளியேற்றுகிறது; கரியையும் உலோகத் துகள்களையும் தன்னுள் ஏந்திக் கொண்டு சென்று பில்டரில் சேர்க்கிறது. நாளடைவில் அது தன் சக்தியை இழக்கிறது. அதன் பிறகும் அதனையே உபயோகித்தால் பேரிங்குகள் தேய்ந்து, ஒருநாள் என்ஜின் இறுகி நின்றுவிடும். அது பெரும்பாலும் சம்பா உழவு மும்முரமாக நடக்கும் வேளையாகவே அமையும்! பல டிராக்டர்களுக்கு 250 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை ஆயில் மாற்றவேண்டும் என்று விதித்துள்ளனர். சிலவற்றிற்கு இது வேறுபடும். வண்டியுடன் கொடுத்த கையேடே இதில் பிரமாணம்.

நிறம் சாட்சியாகாது

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் ஒருநாள் மிகுந்த கோபத்துடன் அலுவலகத்திற்கு வந்தார். ஆயில் மாற்றி இரண்டே நாள் உழுதிருக்கிறார். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மையைப்போல் கறுத்திருக்கிறது. “பழைய ஆயிலுக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள்” என்பது அவருடைய புகார். பட்டறைக்காரரோ தாம் மாற்றியது உண்மை என்று சத்தியம் செய்தார். நாம் நேரில் சென்று பார்த்தோம். பில்டர் புத்தம் புதியது. அடித்திருகின் செப்பு வாஷரும் புதியது. காலி டப்பாக்களும் அங்கேயே இருந்தன. பட்டறைக்காரர் மீது குற்றமில்லை.

பின் ஆயில் ஏன் கறுத்தது? டீசல் என்ஜினில் எரிபொருள் எரியும்போது நுண்ணிய கரி உண்டாகிறது. பழைய ஆயிலை எவ்வளவு வடித்தாலும் சிறிதளவு உள்ளே தங்கிவிடும். புதிய ஆயிலில் அழுக்கைக் கழுவும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருப்பதால், அது ஊற்றிய சில மணி நேரத்திலேயே கரியை ஏந்திக் கறுத்துவிடுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது என்பதே இதன் பொருள். பெட்ரோல் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் புதிய ஆயில் சில நாட்களேனும் தேன் நிறத்தில் இருக்கும். அவற்றில் நிறம் ஓரளவு உதவும். டிராக்டரிலோ நிறத்தை மட்டும் கண்டு ஒருவரைக் குற்றம் சாட்டுவதும் தவறு, நம்பிவிடுவதும் தவறு. அடையாளத்தை முன்கூட்டியே நாம் செய்துவைக்க வேண்டும்.

பட்டறைக்கு விடுமுன்

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, அளவுக் கம்பியில் ஆயில் எந்த மட்டத்தில் உள்ளது எனக் குறித்துக்கொள்க.

2. பழைய பில்டரின் மீது பெயிண்டால் ஒரு சிறு புள்ளி வைக்கவும். அடித்திருகின் தலையிலிருந்து சம்ப்பின் மீது செல்லுமாறு ஒரு கோடும் இடவும். திருகைக் கழற்றி மாட்டினால் கோடு பெரும்பாலும் பழையபடி நேராகப் பொருந்தாது.

3. ஆவர் மீட்டர் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுக.

4. எந்த ரக ஆயில், எத்தனை லிட்டர் என்பதைக் கையேட்டில் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதிப் பட்டறையில் கொடுக்கவும்.

மாற்றும்போது

கூடுமானவரை அருகிலேயே இருப்பது நலம். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால்தான் பழைய ஆயில் நன்கு இறங்கும். ஆயில் டப்பாவின் மூடி முத்திரை நம் கண் முன்னே உடைக்கப்பட வேண்டும். பீப்பாயிலிருந்து சில்லறையாக ஊற்றும் ஆயிலை ஏற்கவேண்டாம். அதன் ரகத்தை அறிய வழியில்லை. காலி டப்பாக்களையும் பழைய பில்டரையும் கேட்டு வாங்கிப் பார்க்கவும். காலி டப்பா போலி ஆயில் நிரப்புவோர் கைக்குச் செல்லாதவாறு அதில் துளையிட்டுவிடுவது நல்ல பழக்கம்.

மாற்றியபின்

என்ஜினைக் கிளப்புமுன் அளவுக் கம்பியைப் பார்க்கவேண்டும். நிறம் பேசும் நேரம் அது ஒன்றே. அப்போது ஆயில் ஓரளவேனும் தெளிவாக இருக்கும். பிறகு சில நிமிடம் ஓட்டி அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் மட்டத்தைப் பார்க்கவும். புதிய பில்டரில் ஆயில் நிரம்புவதால் மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. இரண்டு கோடுகளுக்கும் இடையே, மேற்கோட்டை ஒட்டி நிற்பது சரியான அளவு. மேற்கோட்டைத் தாண்டினாலும் தீங்கே. பில்டரின் மேலுள்ள பெயிண்ட் புள்ளி மறைந்திருக்கிறதா, திருகைச் சுற்றிக் கசிவு உண்டா என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

முன்பு கூறிய விவசாயி அடுத்த முறை இவ்வாறே புள்ளி வைத்து, வேறொரு பட்டறையில் வண்டியை விட்டார். ஆயில் மாற்றப்பட்டிருந்தது, ஆனால் பில்டரின் மேல் அவர் வைத்த புள்ளி அப்படியே இருந்தது. பில்லிலோ பில்டருக்கும் விலை போடப்பட்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை, புள்ளியைச் சுட்டிக்காட்டினார். மறு பேச்சின்றிப் புதிய பில்டர் மாட்டப்பட்டது.

பஞ்சாயத்து வண்டியாயின்

டிராக்டர் வைத்துள்ள பஞ்சாயத்துகளில் இந்தப் பொறுப்பு இன்னும் பெரிது. அது ஊராரின் பணம். ஆயில் மாற்றிய தேதி, ஆவர் மீட்டர் எண், ஆயிலின் ரகம், அளவு, பில் எண் ஆகியவற்றை வண்டியின் பதிவேட்டில் எழுதி, உடனிருந்து பார்த்த உறுப்பினர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். நமது மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்று விதித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்ட மண் இது.

குறை காணின்

முதலில் பட்டறை உரிமையாளரிடம் அடையாளங்களைக் காட்டிப் பேசுக. பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். அதற்குப் பில்லும், தேதியுடன் எடுத்த புகைப்படங்களும் துணை நிற்கும். பில் இல்லாமல் பணம் கொடுப்பவர் தமது வழக்கைத் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

மற்றொன்றும் கூறவேண்டும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டலாகாது. சிறிதளவு ஆயிலும் நீரின்மேல் பரந்த படலமாகப் படியும். மறுசுழற்சிக்கு அனுமதி பெற்றவரிடம் சேர்ப்பிக்கும் பட்டறையில் அதனை ஒப்படைப்பதே முறை.

பட்டறைக்காரர்களில் பெரும்பாலோர் நேர்மையாகத் தொழில் செய்பவர்களே. நாம் வைக்கும் பெயிண்ட் புள்ளி அவர்களைச் சந்தேகிப்பதற்கன்று. நேர்மையானவரின் நேர்மைக்கும் அதுவே சாட்சி. ஆகவே அடுத்த முறை டிராக்டரைப் பட்டறைக்கு ஓட்டுமுன், சிறிது பெயிண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.