நாளுக்கொரு திருத்தலம்

கோடை விடுமுறை வந்ததும் நம் பங்குக் குடும்பங்கள் பல, வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் திருத்தலங்களுக்குப் புறப்படுகின்றன. போற்றத்தக்க வழக்கமே இது. ஆயினும், இரண்டே நாள்களில் ஏழெட்டு இடங்களைக் கண்டுவிட வேண்டுமென்னும் ஆவல் பயணத்தின் பயனையே பறித்துவிடுகிறது. மெழுகுதிரி ஏற்றி முடிப்பதற்குள், "நேரமாயிற்று, ஏறுங்கள்" என்னும் குரல் எழுகிறது. முதியோர் களைத்து, குழந்தைகள் அழுது, ஒருவரோடொருவர் மனம் கசந்து வீடு திரும்புவதைத் திருப்பயணம் என்று எவ்வாறு அழைப்பது?

மேலை நாடுகளில், படுக்கையும் அடுப்பும் அமைந்த வண்டியையே வீடாகக் கொண்டு நிதானமாய் ஊர் காணும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வண்டி நமக்கு எட்டாததாயினும், அந்த நிதானம் எட்டக்கூடியதே.

வேளாங்கண்ணியிலிருந்து கோட்டாறு வரை, கடற்கரையை ஒட்டிய ஐந்து நாள் பயணத்தை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் மாலை அன்னையின் திருமுன் செபமாலை. இரவு அங்கேயே தங்கல். மறுநாள் திருப்பலிக்குப் பின் கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாக ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் உயிரீந்த மண் அது. அவர் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அங்கு அமர்ந்து சொல்லுங்கள். மூன்றாம் நாள் இராமநாதபுரம், சாயல்குடி கடந்து தூத்துக்குடி. 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பனிமய மாதா ஆலயம் அங்குள்ளது. நான்காம் நாள் மணப்பாடு. குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். கீழே புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. அன்று வேறெங்கும் செல்ல வேண்டாம். கதிரவன் மறைவதைக் குடும்பமாகக் கண்டு மகிழுங்கள். ஐந்தாம் நாள் கோட்டாறு. 1752-இல் மறைசாட்சியாக மரித்து, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் அங்கே துயில்கிறார்.

இனி, சில ஏற்பாடுகள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையும், தூத்துக்குடியில் ஆகஸ்டு 5-ஐ ஒட்டியும் திருவிழாக் கூட்டம் மிகுதி. அமைதி விரும்புவோர் வேறு நாள்களைத் தேர்ந்துகொள்க. தங்கும் அறைகளுக்கும் திருப்பலி நேரத்திற்கும் முன்னரே விசாரித்து வையுங்கள். முதியோரின் மருந்துகள் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். சமையல் தாயின் தலையில் மட்டும் விழாதிருக்க, ஒருவேளை உணவையேனும் பிறர் ஏற்பது நன்று. அவளுக்கும் அது விடுமுறையன்றோ!

யாவற்றினும் முக்கியமானது ஒன்று: இரவில் வண்டி ஓட வேண்டாம். பகலெல்லாம் ஓட்டியவரைப் பின்னிரவிலும் ஓட்டச் சொல்வது, வண்டியிலுள்ள அத்தனை உயிர்களையும் அவருடைய உறக்கக் கண்களிடம் ஒப்படைப்பதாகும். ஓட்டுநரும் நம் பந்தியில் உண்டு, நன்கு உறங்கட்டும். சில நூறு ரூபாய் அறை வாடகையை மிச்சப்படுத்த உயிரையா பணயம் வைப்பது?

புனித சவேரியார் இக்கடற்கரையில் ஊர் ஊராய்க் கால்நடையாகவே நடந்தார். பணியால் களைத்த சீடரை நம் ஆண்டவரும் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னார். ஓய்வும் அவர் அருளும் கொடையே. காணும் இடங்கள் குறையினும், கூடியிருக்கும் நேரம் பெருகட்டும். அத்தகைய பயணம் வீடு திரும்பிய பின்னரும் குடும்ப செபத்தில் தொடரும்.