கவசம் திறந்த இரண்டு மணி நேரம்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் இருக்கிறது காதங்கி. ஊருக்கு அருகே, நாற்று நட்டதுபோல வரிசை வரிசையாக 1,024 ஆன்டெனாக்கள். தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் இந்த ரேடார் காற்றை மட்டுமல்ல, நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு அப்பாலுள்ள அயனி மண்டலத்தின் கலக்கங்களையும் கவனிக்கிறது. அந்தக் கலக்கங்களில் மிகக் கடுமையானவை சூரியப் புயலின் வேலை.

பூமியின் காந்தப்புலம் நமக்குக் கவசம். சூரியன் வீசியெறியும் துகள் மேகம் தன்னோடு ஒரு காந்தப்புலத்தைச் சுமந்து வருகிறது. அது தெற்கு நோக்கியிருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்துடன் பிணைகிறது, கவசம் திறந்துகொள்கிறது.

2015 ஜூன் 22-ல் அதுதான் நடந்தது. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறப்பவை மியூவான் துகள்கள். அவற்றை எண்ணும் ஊட்டியின் கிரேப்ஸ்-3 கருவியில் எண்ணிக்கை திடீரென ஏறி, இரண்டு மணி நேரம் நீடித்தது. கவசம் தளர்ந்ததே காரணம் என்று 2016-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

தரையிலிருக்கும் மனிதனுக்கு வளிமண்டலம் இரண்டாவது காவல். மின்கட்டமைப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1989 மார்ச் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

முன்னெச்சரிக்கைதான் வழி. திருப்பதி மாவட்டத்திலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, வரும் புயலின் காந்தத் திசையை அளக்கிறது. புயலின் வேகத்தைப் பொறுத்து, கிடைக்கும் அவகாசம் அரை மணி முதல் ஒரு மணி நேரம். மின்நிலையங்களும் செயற்கைக்கோள்களும் தற்காத்துக்கொள்ள அவ்வளவுதான் நேரம்.