பதினைந்தில் பத்து

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி எட்டு ஆட்டங்களில் 15 கோல் அடித்தது. அதில் 10 கோல் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் ஒருவரே அடித்தவை. மீதி ஐந்தை நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் கணக்கு வேறாக இருந்தது. அங்கேயும் எட்டு ஆட்டங்கள்தான். அணி அடித்தது 25 கோல். ஹர்மன்பிரீத் 6, ரூபிந்தர் பால் சிங் 4, சிம்ரன்ஜீத் சிங் 3 என்று போய், மற்றவை பலருடைய மட்டைகளிலிருந்து வந்தன. இரண்டு முறையும் கிடைத்தது வெண்கலம். பதக்கம் கையில் இருந்ததால், நடுவில் பத்து கோல்கள் குறைந்துபோனதும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆளின் தோளில் ஏறியதும் பெரிய பேச்சாகவில்லை.

ஹர்மன்பிரீத் 1996 ஜனவரியில் பிறந்தவர். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு 32 வயது ஆகியிருக்கும். 400 சர்வதேச ஆட்டங்களைத் தாண்டிய மன்பிரீத் சிங்குக்கு 36. அமித் ரோகிதாஸுக்கு 35, மன்தீப் சிங்குக்கு 33. முப்பதைத் தாண்டினால் ஹாக்கி ஆட முடியாது என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீஜேஷ் 36 வயதில்தான் பாரிஸில் கோல் காத்தார். பெல்ஜியம் அணியில் வனாஷ், டோமென் இருவருக்கும் அதே 36 வயது. டோக்கியோவில் தங்கம் வென்ற அந்த அணி, பாரிஸில் காலிறுதியிலேயே ஸ்பெயினிடம் 2-3 என்று தோற்று வெளியேறியது. வயதான நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு, வென்றுகொண்டே அணியைப் புதுப்பிக்க முடியுமா என்றால், முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் வெற்றி வந்துகொண்டிருக்கும் வரை அந்த வேலையை யாரும் தொட மாட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு சான்று உண்டு. 2010 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலகக் கோப்பையில் பாகிஸ்தான் 12 அணிகளில் 12-ஆவதாக வந்தது. கடைசி இடத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடம்கூடத் தோற்றது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை வாய்த்திருக்காது. எட்டு மாதம் கழித்து குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே மூத்தவர்கள் களமிறங்கினார்கள். இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 2-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர்கள் சோஹைல் அப்பாஸும் ரெஹான் பட்டும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆசியத் தங்கம், லண்டன் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம் என்று கொண்டாட்டம் பெரிதாக இருந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானதும்கூட. லண்டனில் அப்பாஸ் கேப்டன். அணிக்கு ஏழாம் இடம். அத்துடன் அவர் விலகினார். நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற நாடு, 2014 உலகக் கோப்பைக்கு முதல்முறையாகத் தகுதி பெறவில்லை. ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக்குகள் பாகிஸ்தான் இல்லாமலே நடந்து முடிந்தன. பணத் தட்டுப்பாடு, நிர்வாகச் சண்டை என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தத் தங்கம் இரண்டு ஆண்டு அவகாசம் வாங்கித் தந்தது. அந்த இரண்டு ஆண்டும் பழைய ஆட்களை வைத்தே கழிந்தன.

இந்தியா அந்த நிலையில் இல்லை. வசதிகள் உண்டு, ஒடிசா அரசின் ஆதரவு உண்டு. நம் பலவீனம் வேறு மாதிரியானது. சில குறிப்பிட்ட வேலைகளுக்கு அணியில் ஒரே ஆள்தான் இருக்கிறார். அவர் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதை பாரிஸிலேயே பார்த்தோம்.

பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது கோல்கீப்பரோடு நான்கு பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். முகத்தில் கவசம், முழங்காலில் காப்பு. பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் அவர்களில் ஒருவர், பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கை அடிக்கப் போகிறவரை நோக்கி நேராக ஓட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தின் பாதையில் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தும் வேலை அது. வேகம் மட்டும் போதாது; எதிராளி எந்தப் பக்கம் அடிப்பார் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் வேண்டும். இந்திய அணியில் இந்த முதல் ஓட்டம் ரோகிதாஸுடையது. காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை விழுந்தது. மீதி 43 நிமிடமும் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றதை நாடே கொண்டாடியது. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக அவர் ஆடத் தடை. ஒலிம்பிக் அணியில் மொத்தமே 16 பேர்தான். அன்று இந்தியாவுக்கு 15. முன்னிலையில் இருந்த இந்தியாவை ஜெர்மனி சமன் செய்தது ஒரு பெனால்டி கார்னரில். அடித்தவர் கொன்சாலோ பெய்லட். ஆட்டம் 2-3 என்று போனது. ரோகிதாஸ் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஓட்டத்தை அதே தரத்தில் ஓட இரண்டாவது ஆளை நாம் வைத்திருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

2023 உலகக் கோப்பையிலும் இப்படித்தான். ஹர்திக் சிங் தொடைத்தசைக் காயத்தால் விலகினார். நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னே இருந்த அணி 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் தோற்றது. சொந்த மண்ணில் ஒன்பதாம் இடம். பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி விலகினார்.

2025 ஜூனில் புரோ லீக் ஐரோப்பியச் சுற்று. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3. பெல்ஜியத்திடம் 3-6. வரிசையாக ஏழு தோல்விகள். அவற்றில் ஆறு ஒரே கோல் வித்தியாசத்தில். இதைக் காட்டி, அணி பெரிய அணிகளுக்கு அருகில்தான் இருக்கிறது, கொஞ்சம் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு ஆட்டம் அப்படிப் போனால் அதிர்ஷ்டம் எனலாம். ஆறு ஆட்டங்களும் அப்படியே போனால், நெருக்கடி நேரத்தில் கோல் போடவோ கோலைத் தடுக்கவோ ஆள் குறைகிறது என்றுதான் பொருள். ஒன்பது அணிகளில் எட்டாவதாக முடித்தோம். நமக்குக் கீழே இருந்த ஒரே அணியான அயர்லாந்து புரோ லீக்கிலிருந்து இறக்கப்பட்டது.

செப்டம்பரில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்றதை மறைக்கக் கூடாது. இறுதியில் தென்கொரியாவை 4-1 என்று வென்றபோது கோல் அடித்தவர்கள் சுக்ஜீத், தில்பிரீத், ரோகிதாஸ். ஹர்மன்பிரீத் பெயர் பட்டியலில் இல்லை. நல்ல அறிகுறிதான். ஆனால் ஆசிய அணிகளின் தடுப்பும் நெதர்லாந்து, ஜெர்மனி அணிகளின் தடுப்பும் ஒன்றல்ல. மூன்றே மாதத்துக்கு முந்தைய ஜூன் முடிவுகளே அதற்குச் சாட்சி.

டிராக் ஃபிளிக்குக்கு வருவோம். டோக்கியோவில் நம்மிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ரூபிந்தர் 2021 செப்டம்பரில் ஓய்வு பெற்ற பிறகு அந்த இரண்டாவது இடம் முழுதாக நிரம்பவே இல்லை. புதுப்பிக்கப்பட்ட ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் சீசனில் அதிக கோல் அடித்த ஜுக்ராஜ் சிங் இருக்கிறார். இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக்கும் அடித்தார். ஆனால் அவரும் 1996-இல் பிறந்தவர்தான். மாற்று ஆள் என்று சொல்லலாம், வாரிசு என்று சொல்ல முடியாது. அதே லீக்கில் ஹைதராபாத் அணி பெய்லட்டை எடுத்தது, தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை எடுத்தது. அணி முதலாளிகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வெற்றி வேண்டும். ஆனால் அந்தக் கார்னர்கள் எல்லாம் ஓர் இந்திய இளைஞனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பயிற்சி.

இளைஞர்கள் வருவார்கள் என்ற ஆறுதலையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2016-இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியிலிருந்துதான் ஹர்மன்பிரீத், மன்தீப், சுமித், சிம்ரன்ஜீத் ஆகியோர் டோக்கியோ மேடைக்குப் போனார்கள். ஐந்து ஆண்டு ஆயிற்று. அதே வேகத்தில் போனால், 2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஆடிய பையன்கள் 2030 வாக்கில்தான் முழுதாகப் பழுப்பார்கள். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அவர்கள் அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கடைசி 11 நிமிடத்தில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வென்ற ஆட்டம் மறக்க முடியாதது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு அரையிறுதியில் ஜெர்மனி அவர்களை 5-1 என்று வீழ்த்தியதும் அந்தப் பையன்கள் சந்தித்த உண்மைதான். லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தோள் கொடுக்க வேண்டியவர்கள் 2021, 2023 ஜூனியர் அணிக்காரர்கள். இரண்டு முறையும் நான்காம் இடத்தில் முடித்தவர்கள். அவர்களில் சஞ்சய், 2021 போட்டியில் பெனால்டி கார்னர்களில் ஹாட்ரிக் அடித்தவர். பாரிஸ் அணியிலும் அவர் இருந்தார். அங்கே கார்னர்கள் போனது ஹர்மன்பிரீத்திடம்.

2026-இல் ஆகஸ்டில் உலகக் கோப்பை, செப்டம்பரில் நகோயாவில் ஆசிய விளையாட்டு. இரண்டுக்கும் நடுவே சுமார் மூன்று வாரம். நகோயாவில் தங்கம் வென்றால் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். தவறவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் மலேசியாவிடம் ஷூட்-அவுட்டில் தோற்று, மறு ஆண்டு புவனேஸ்வரில் ரஷ்யாவோடு தகுதி ஆட்டம் ஆடித்தான் டோக்கியோ போனோம். அப்படிப்பட்ட போட்டிகளில் எந்தப் பயிற்சியாளரும் புது ஆளிடம் கார்னரைத் தர மாட்டார், தரவும் கூடாது.

மிச்சம் இருப்பது புரோ லீக் ஆட்டங்கள்தான். கோல்கீப்பர் விஷயத்தில் இந்தியா இதைச் சரியாகச் செய்தது. ஸ்ரீஜேஷ் உச்சத்தில் இருந்தபோதே ஆட்டத்தின் ஒரு பகுதிக்கு அவர், அடுத்த பகுதிக்கு கிருஷன் பாடக் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். அதனால் ஸ்ரீஜேஷ் விலகிய நாளில் கோல் வாசல் காலியாகவில்லை. அதே முறையைக் கார்னருக்கும் கொண்டுவரலாம்: ஹர்மன்பிரீத் களத்தில் நிற்கும்போதே இரண்டில் ஒரு கார்னர் அடுத்தவருக்கு. தடுப்பில் முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர்.

இதற்கு விலை உண்டு. சில ஆட்டங்கள் கை நழுவும். எட்டாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்குப் போகும் ஆபத்தும் உண்மையானது. உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடம் வந்ததும் ரீட் போனதைப் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் தன் பொறுப்பில் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார். பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனோ அவருக்குப் பின் வருபவரோ, புரோ லீக் தோல்விகளுக்காக வேலையை இழக்க மாட்டார் என்று ஹாக்கி இந்தியா முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். தந்தால்தான் அந்த இரண்டாவது கார்னர் சஞ்சயின் மட்டைக்குப் போகும்.