சாட்டன் செங்கல் வீடு

ஒரு நாட்டின் கட்டடக்கலையை அரண்மனைகள் மட்டும் உணர்த்துவதில்லை. எளிய வீடுகளும் உணர்த்துகின்றன. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், சாட்டன் என்னும் சிற்றூரில் உள்ள செங்கல் வீடு இதற்குத் தக்க சான்றாகும். ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை இவ்வீட்டில் வாழ்ந்தார்.

ஹாம்ப்ஷயரின் பெரும்பகுதி சுண்ணப்பாறை நிலமாகும். செதுக்கிக் கட்டுவதற்கேற்ற வலிய கல் அங்கு அரிது. ஆகவே, களிமண்ணைச் சுட்டுச் செய்த செங்கல் அப்பகுதி வீடுகளின் சுவராயிற்று. களிமண்ணில் கலந்துள்ள இரும்பே, சூளையின் வெப்பத்தில் செங்கல்லுக்குச் செந்நிறம் தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இவ்வீட்டின் கூரை, மழைநீர் தங்காது வழிந்தோடும்படி சரிவாக அமைந்து, சுட்ட ஓடுகளால் வேயப்பட்டுள்ளது. குளிர்காய மூட்டும் கணப்புகளின் புகை, கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் செங்கற் புகைபோக்கிகள் வழியே வெளியேறும். முகப்புச் சன்னல்களின் கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும் இயல்பின.

முகப்புச் சுவரில் ஒரு சன்னல் இருந்த இடம் அடைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சன்னல்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி பெறப்பட்டது. அவ்வரிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்தவர் பலர். ஆயின், இங்கு அடைத்தமைக்குக் காரணம் வேறு. வீட்டை ஒட்டிய நெடுஞ்சாலையில் பயண வண்டிகள் ஓயாது சென்றன. வழிப்போக்கர் பார்வை வரவேற்பறைக்குள் படாதிருக்க, சாலை நோக்கிய சன்னல் மூடப்பட்டது; தோட்டத்தை நோக்கிக் கூர்வளைவுடைய புதிய சன்னல் திறக்கப்பட்டது.

இம்மாற்றத்தைச் செய்வித்தவர் ஜேனின் அண்ணன் எட்வர்ட். செல்வர்களான உறவினருக்குத் தத்துப்பிள்ளையாகிச் சாட்டன் நிலங்களுக்கு உரிமையாளரானவர் அவர். தந்தை 1805இல் மறைந்தபின், ஜேனும் அவர் தாயும் தமக்கையும் நிலையான இல்லமின்றி ஊர்விட்டு ஊர் மாறினர். சொத்து பெரும்பாலும் ஆண்மக்களையே சேர்ந்த காலம் அது. அண்ணன் அளித்த இவ்வீட்டில்தான் ஜேனின் எழுதுகோல் மீண்டும் ஊக்கம் பெற்றது. முன்னர் எழுதி வைத்திருந்த படைப்புகளை இங்குத் திருத்தினார், புதியனவும் எழுதினார். 1811இல் வெளிவந்த முதல் நூலில் அவர் பெயர் இல்லை; 'ஒரு பெண்மணி' என்ற குறிப்பே இருந்தது.

பிறர் அறியாது எழுத விரும்பிய அவருக்கு ஒரு கதவும் துணைநின்றதாக அவருடைய அண்ணன் மகன் எழுதியுள்ளார். திறக்கும்போது கிரீச்சிடும் அக்கதவைச் சரிசெய்ய ஜேன் உடன்படவில்லை. எவரேனும் வருவதை அவ்வொலி முன்னறிவிக்க, எழுதிய தாள்களை அவர் மறைத்துக்கொள்வாராம்.

பின்னாளில் தொழிலாளர் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்ட இவ்வீடு, 1949இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அடைத்த சன்னலும் திறந்த சன்னலும் கட்டட உறுப்புகள் மட்டுமல்ல. தமக்கென ஓர் இடமின்றி அலைந்த பெண் ஒருவருக்குக் கிடைத்த அமைதியின் சான்றுகளும் ஆகும்.