பருவம் மாறும்போது திக்லிபூர்க் கடல்

இந்தியாவின் தனியுரிமைப் பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் அந்தமான்–நிக்கோபார் தீவுகளைச் சூழ்ந்துள்ளது. ஆயினும் இத்தீவுகளின் சிறு மீனவர்கள் பெரும்பாலும் கரையை ஒட்டிய நீரிலேயே தொழில் செய்கின்றனர். வட அந்தமானிலுள்ள திக்லிபூரும் இதற்கு விலக்கன்று. கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள் 1950-களில் காடு திருத்தி நெல் பயிரிட்ட வட்டாரம் இது. இதன் துறைமுகமான ஏரியல் பே தீவின் வடகிழக்குக் கரையில் அமைந்துள்ளது.

இந்த இருப்பிடமே மீனவரின் ஆண்டுக் கணக்கை நிர்ணயிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரமும் அதைச் சார்ந்த மலைத்தொடரும் ஓரளவு மறைப்புத் தருகின்றன. எனினும் மழையும் அலையும் மிகுந்த நாள்களில் படகு இறக்க இயலாது. நவம்பரில் வடகிழக்குக் காற்று வலுத்தபின் இதே கரை அலைக்கு நேர்முகமாகி விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட புரட்டாசி, ஐப்பசி மாதங்களில்தான், காற்று ஓய்ந்திருக்கும் நாள்களில், சிறு படகுகள் தொடர்ச்சியாகக் கடலுக்குச் செல்ல முடிகிறது.

மழைநீரோடு கல்போங் ஆறும் கழிகளும் கொண்டுவந்து சேர்க்கும் சத்துப் பொருள்கள் கரையோர நீரை வளப்படுத்துகின்றன. சாளை, காரல் போன்ற சிறு மீன்களும், அவற்றை இரையாகக் கொள்ளும் பாரை, வஞ்சிரம், ஷீலா ஆகியவையும் செவுள் வலையில் கிடைக்கின்றன. பாறைகளுக்கிடையே வாழும் கலவா மீனுக்குத் தூண்டிலே ஏற்றது. கடலடி பவளப்பாறையாக இருப்பதால் இழுவலைக்கு இங்கு அதிக இடமில்லை. அது ஒருவகையில் நன்மையே. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரை பல இடங்களில் உயர்ந்து, பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்தன. கடல்நீர் எட்டாத அலையாத்திக் காடுகள் பட்டுப்போயின. மீன்குஞ்சுகள் வளரும் இடம் அந்த அளவுக்குக் குறைந்தது.

பிறக்கும் இடத்திலேயே புயல்

இதே மாதங்கள் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமுமாகும். 2013 அக்டோபர் 8 அன்று வட அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே திக்லிபூருக்குத் தெற்கிலுள்ள மாயாபந்தர் அருகே தீவைக் கடந்தது. அதுவே பின்னர் பைலின் என்னும் கடும் புயலாகி, 12ஆம் தேதி ஒடிசாவில் கோபால்பூர் அருகே கரையேறியது. ஒடிசா மக்களுக்கு ஆயத்தம் செய்ய நான்கு நாள் கிடைத்தது. வட அந்தமான் மீனவருக்கோ ஒரு நாள்தான். புயல் இங்கு வலுக்குறைந்த நிலையில் கடந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் சிறு படகைக் கவிழ்க்கத் தாழ்வு மண்டலத்தின் காற்றே போதுமானது. ஆகவே இங்கு முன்னறிவிப்பு மணிக்கணக்கில் படகுக்கே எட்டியாக வேண்டும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மீன்வளப் பகுதிகளைக் குறித்துத் தருகிறது. மேகம் மூடிய பருவமாற்ற நாள்களில் அச்சேவையும் தடைப்படுவதுண்டு.

பனிக்கட்டியும் விலையும்

மீன் கிடைப்பதாலேயே வருமானம் கிடைத்துவிடாது. பல படகுகள் ஒரே நாளில் நிறைந்து திரும்பும்போது உள்ளூர்ச் சந்தையில் விலை சரிகிறது. வங்காளியரின் சமையலில் ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்குமே முதலிடம் என்பதையும் மறத்தலாகாது. பெரிய சந்தையோ 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. வெப்ப நாட்டில் பனிக்கட்டியின்றி மீன் அரை நாளில் கெடத் தொடங்குகிறது. பனிக்கட்டியில் முறையாக இட்டால் ஒரு வாரத்திற்கு மேலும் நிற்கும். ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்பது பொதுவான கணக்கு. அது கையில் இல்லாத மீனவர் வியாபாரி சொல்லும் விலைக்கு மறுப்புச் சொல்ல இயலாது. காத்திருக்கும் ஆற்றலே இங்கு பேரம் பேசும் ஆற்றல்.

பனிக்கட்டிக்கு மின்சாரம் வேண்டும். 2001இல் செயல்படத் தொடங்கிய 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையம் திக்லிபூர் வட்டாரத்திலேயே உள்ளது. மழைக்காலத்தின் இறுதியில், அதாவது மீன் மிகும் அதே மாதங்களில், அதற்கு நீர்வரத்தும் மிகுதி. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் பனிக்கட்டி ஆலைக்கும் குளிர்காப்பு வண்டிக்கும் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், மகளிருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வழங்க வகை செய்தது. எஞ்சிய தொகையை ஒற்றைப் படகு வைத்திருப்பவர் திரட்டுவது அரிது. பத்துப் பன்னிரண்டு படகுகள் கூட்டுறவாகச் சேர்ந்தால், காப்புப் பெட்டிகளுடனும் வாடகை வண்டியுடனுமாவது தொடங்கலாம்.