பாலமும் படகும்

லாபம் தராத போக்குவரத்துச் சேவையைப் பொதுப் பணத்தைக் கொண்டு நடத்துதல் தகுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், தகாதென்போர் பேரேட்டைப் பிரித்துக் காட்டி வாதத்தை முடித்துவிடுகின்றனர். அன்னார் ஜப்பான் தேசத்து ஒசாகா விரிகுடாவில் நிகழ்ந்ததைச் சற்று ஊன்றி நோக்குவாராக.

அவ்விரிகுடாவில், கரையினின்று சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், கல்லும் மண்ணும் கொட்டித் தீவொன்றை எழுப்பி, அதன்மீது கன்சாய் சர்வதேச விமான நிலையத்தை 1994-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி திறந்தனர். விமானங்களின் பேரிரைச்சல் நகர மாந்தரை வருத்தலாகாதென்பதே கடலை நாடியதற்கு முக்கிய காரணம். தீவையும் கரையையும் இணைப்பது ஒரே பாலம். அதன் மேல்தட்டில் மோட்டார்களும் கீழ்த்தட்டில் ரயில்களும் செல்லும்.

விரிகுடாவின் எதிர்ப்புறத்தே உள்ளது கோபே நகரம். அங்கிருந்து தரைவழியே வருவோர் கரையைச் சுற்றி வரவேண்டும். பஸ்ஸில் ஒரு மணிக்கு மேலாகும். குறுக்கே செல்லும் படகுக்கோ அரைமணி போதும். ஆதலின் நகர சபையின் ஆதரவு பெற்ற கம்பெனியொன்று 1994-லேயே விரைவுப் படகுகளை விட்டது. ஆனால் எதிர்பார்த்த அளவு பிரயாணிகள் வரவில்லை. நஷ்டம் பெருகி, 2002-ல் சேவை நின்றது. 2006-ல் கோபே தனக்கெனவும் கடலில் ஒரு விமான நிலையம் அமைத்த பின்னர், அவ்விரு நிலையங்களுக்குமிடையே படகுகள் மீண்டும் ஓடலாயின.

2018-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, நிலையம் திறந்த 24-ம் ஆண்டு நிறைவன்றே, ஜெபி என்னும் பெரும்புயல் தாக்கிற்று. ஓடுபாதையில் கடல்நீர் ஏறியது. நங்கூரம் நிலைகொள்ளாத எண்ணெய்க் கப்பலொன்று புயற்காற்றால் உந்தப்பட்டுப் பாலத்தின் மீது மோதியது. ரயில் நின்றது, ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே இரவைக் கழித்தனர். மறுநாட் காலையில், சேதமுறாத பாதிப் பாலத்தின் வழியே பஸ்களும், கோபேயை நோக்கி அப்படகுகளும் அவர்களைக் கரை சேர்த்தன. செப்டம்பர் 18-ந் தேதி வரை ரயில் ஓடவில்லை. மோட்டார்ப் பாதை முழுதும் சீர்பட 2019 ஏப்ரல் வரை சென்றது.

என்றோ ஒருநாள் அடிக்கும் புயலுக்காக ஆண்டு முழுதும் படகுகளை வைத்துக் காப்பதா என்று கேட்கலாம். புயலின் நடுவே படகும் ஓடாதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், புயல் ஓய்ந்த காலையில் படகையும் துறையையும் நீரோட்டமறிந்த மாலுமியையும் புதிதாகச் சிருஷ்டிக்க எவராலும் இயலாது. நாள்தோறும் ஓடும் படகே ஆபத்து நாளில் உதவும். தீப்பிடிக்காத வருஷத்தில் வீட்டுக்குக் கட்டிய இன்ஷூரன்ஸ் பணத்தை எவரும் வீண் செலவென்பதில்லை அன்றோ?

இதனைச் சொல்வதால் நிர்வாகிகளின் ஊதாரித்தனத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதவேண்டாம். கணக்குகள் பகிரங்கமாக இருத்தல் வேண்டும். குடிகள் பைசாவுக்குப் பைசா கேட்டறிதல் வேண்டும். ஆனால் கணக்குப் பார்ப்போர், டிக்கட் விற்ற தொகையை மட்டுமன்றி, ஒரே வழியை நம்பியிருப்பதன் அபாயத்தையும் எழுதிக் கூட்டக் கடவர். வழி ஒன்றேயாயின், அது அடைபடும் நாளில் விமான நிலையம் சிறைச்சாலையாக மாறும். கடலில் நிலையம் அமைக்கும் நகரங்கள், பாலம் கட்டுவதோடு படகுத் துறையையும் பேணுதல் கடமையென்பதே நமது துணிபு.