ஒட்டுத்துணித் தையலும் மன இறுக்கத் தணிவும்

ஒட்டுத்துணித் தையல் என்பது பழைய துணிகளையும், தைத்து மிஞ்சிய துண்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்து, அடுக்காக வைத்துத் தைத்து, விரிப்பாகவோ போர்வையாகவோ ஆக்கும் கைவேலை ஆகும். ஆங்கிலத்தில் இது குயில்டிங் எனப்படுகிறது. குளிரைத் தாங்கவும் துணியை வீணாக்காமல் இருக்கவும் தோன்றிய இக்கைவேலை, இன்று மன இறுக்கத்தைத் தணிக்கும் பழக்கமாகவும் கருதப்படுகிறது. அது எவ்வாறு தணிக்கிறது, எப்போது தணிப்பதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் மரபும்

தமிழில் கிழிந்த துணியையும் ஒட்டுப்போட்ட துணியையும் குறிக்கும் ‘கந்தை’ என்ற சொல், ‘கந்தா’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. வங்காளத்தின் புகழ்பெற்ற காந்தா தையலின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது காந்தாவின் பழைய முறை. பீகாரில் சுஜனி, மகாராட்டிரத்தில் கோதடி, வடகர்நாடகத்தின் சித்தி மக்களிடையே கவுதி என இதே வேலை வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது.

தமிழ்நாட்டின் வெப்பத்தில் கனமான போர்வைக்குப் பெரிய தேவை இல்லை. ஆயினும் நைந்த பருத்திச் சேலையை மடித்துத் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பதும், கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு மீண்டும் பயன்படுத்துவதும் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கங்கள். துணி மேல் துணி வைத்து உருவங்களைத் தைக்கும் கலையும் இங்கு உண்டு. தேரை அலங்கரிக்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் அவ்வகையைச் சேர்ந்தவை. தஞ்சாவூர்ப் பகுதி இவ்வேலைக்குப் பெயர் பெற்றது.

அமைப்பு

ஓர் ஒட்டுத்துணி விரிப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுகளை இணைத்துச் செய்த முகப்புத் துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய சேலை, அடியில் ஒரே துணியாலான அடித்தளம். ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தும் ஓட்டுத் தையல் இம்மூன்றையும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. இதற்குச் சிறப்புப் பயிற்சி தேவையில்லை. சட்டைப் பொத்தான் தைக்கத் தெரிந்தவர் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம்.

மனம் ஏன் அமைதியடைகிறது

மன இறுக்கம் ஏற்படும்போது இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன. இதற்கு எதிரான உடல்நிலையை அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளிவந்த தம் நூலில் ‘தளர்வு எதிர்வினை’ என்னும் பொருளில் விளக்கினார். ஒரு சொல்லையோ அசைவையோ திரும்பத் திரும்பச் செய்வதும், இடையில் எழும் எண்ணங்களோடு போராடாமல் மீண்டும் அச்செயலுக்குத் திரும்புவதும் அதற்கு வழி என்றார். மணிமாலை உருட்டுவதற்கும் மந்திரம் ஓதுவதற்கும் பொருந்தும் இவ்விளக்கம் ஓட்டுத் தையலுக்கும் பொருந்துகிறது.

ஆனால் திரும்பச் செய்தல் மட்டும் போதாது. மாற்றமே இல்லாத வேலை சலிப்பூட்டும். உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயி, செய்பவரின் திறமைக்கு ஏற்ற அளவு கடினமான வேலையில் மனம் முழுமையாக ஒன்றிப்போவதை 1990இல் வெளிவந்த ‘ஃப்ளோ’ என்ற நூலில் விரிவாக எழுதினார். ஒட்டுத்துணித் தையலில் தையல் ஒன்றே; ஆனால் எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறத்தை வைப்பது என்ற தேர்வு ஒவ்வொரு துண்டிலும் புதிதாக வருகிறது.

மாறாத அலகும் மாறும் வரிசையும் சேர்ந்த அமைப்புக்கு, புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு, எழுத்தமைதியால் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ஏழு பகுதிகள் கொண்ட அக்கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. மாணவர் நலனுக்காக அமைக்கப்பட்டது என்ற குறிப்பும் அதில் உண்டு. தொகுதியின் அளவு மாறுவதில்லை, அதற்குள் சுரங்களின் வரிசை மாறிக்கொண்டே போகிறது. கோலத்தில் புள்ளி வரிசையும் சுழியும் செய்வது இதைத்தான். ஒட்டுத்துணியின் கட்டங்களும் அவ்வாறே கையைப் பழக்கத்திலும் மனத்தைக் கவனத்திலும் வைத்திருக்கின்றன.

ஆய்வுகள்

கிளாஸ்கோ நகரின் ஒரு தையல் குழுவிலுள்ள 29 பேரை நேர்காணல் செய்த ஆய்வு, 2012இல் பொதுநலவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. நிறங்கள் தரும் மகிழ்ச்சி, வேலையில் ஒன்றிப்போதல், முடித்த பொருளைக் காணும் நிறைவு, குழுவில் கிடைக்கும் நட்பு ஆகியவற்றை அவர்கள் பயன்களாகக் கூறினர்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் போன்றவற்றைக் கொண்டு 45 நிமிடங்கள் கலைவேலை செய்தவர்களின் உமிழ்நீரைச் சோதித்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரிடம், மன இறுக்கத்தின்போது சுரக்கும் கார்டிசோல் குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவரா இல்லாதவரா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை.

இரண்டும் சிறிய ஆய்வுகள். முதலாவது, விரும்பித் தைப்பவர்களை மட்டுமே கேட்டது. இரண்டாவது, தையலைச் சோதிக்கவில்லை. எனவே இவற்றை உறுதியான மருத்துவச் சான்றாகக் கொள்ளாமல், நல்ல அறிகுறிகளாகக் கொள்வதே பொருத்தம்.

சுனாமிகா

துண்டுத் துணியும் ஊசியும் துயரத்தைத் தாங்க உதவியதற்குத் தமிழ்க் கடற்கரையிலேயே சான்று உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், ஆரோவில் அருகிலுள்ள மீனவக் கிராமங்களின் பெண்கள் உறவையும் பொருளையும் இழந்து, கடலைக் கண்டே அஞ்சும் நிலையில் இருந்தனர். மீன் வணிகம் நின்றுபோனதால் கைக்கு வேலையும் இல்லை.

ஆரோவிலில் உமா பிரஜாபதி நடத்திவந்த உபாசனா ஆடை வடிவமைப்பகம், 2005இல் அப்பெண்களுக்குத் தன்னிடம் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொடுத்து, விரலளவுப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தது. அப்பொம்மைக்குச் ‘சுனாமிகா’ என்று பெயரிடப்பட்டது. அது கடையில் விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. நன்கொடைகளைக் கொண்டு பெண்களுக்குக் கூலி தரப்பட்டது. பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குச் சென்றன.

சுனாமிகா போர்வை அல்ல. ஆயினும் ஒட்டுத்துணித் தையலின் அடிப்படைகள் அனைத்தும் அதில் இருந்தன: வீணான துணி, எளிய தையல், சேர்ந்து அமர்ந்து செய்யும் வேலை, முடிவில் கையில் ஒரு பொருள். அடுத்தடுத்து அமர்ந்து தைக்கும்போது முகம் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை. பேச விரும்பியவர் பேசலாம், விரும்பாதவர் தையலைப் பார்த்தபடி இருக்கலாம். துயரத்தில் இருப்பவருக்கு இந்த உரிமை பெரிது.

இதற்கு முன்பும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. 1942இல் சப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், ஆளுக்கு ஒரு சதுரத் துணியில் தம் மனத்தில் உள்ளதைத் தைத்தனர். 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள் உருவாயின. தனி முகாமில் இருந்த கணவர்களுக்குத் தாம் உயிரோடு இருக்கும் செய்தியும் அச்சதுரங்கள் வழியே போய்ச் சேர்ந்தது.

எல்லாத் தையலும் ஓய்வு ஆகாது

திருப்பூரின் ஆடைத் தொழிற்கூடங்களிலும் நாள் முழுதும் தையல்தான் நடக்கிறது. ஆனால் மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கோடு தைப்பவருக்கு அதே ஊசி மன இறுக்கத்தையே தருகிறது. வேறுபாடு வேகத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதில் உள்ளது. நிறுத்தவும், பிரிக்கவும், நாளைக்குத் தள்ளிவைக்கவும் தைப்பவருக்கு உரிமை இருந்தால்தான் அது ஓய்வு. பொழுதுபோக்காகத் தொடங்கியவரும் பிறரோடு ஒப்பிட்டு அவசரப்பட்டால் அந்தப் பயனை இழந்துவிடுவார்.

தொடங்கும் முறை

குடுமியான்மலை போன்ற சிற்றூர்களில் இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய பருத்திச் சேலையும், தையல் கடையில் கழித்துப் போடும் துண்டுகளும் போதும்.

1. துணிகளை முதலில் துவைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் பின்னர் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கும், சாயமும் பரவும்.

2. நாலரை அங்குலச் சதுர அட்டை ஒன்றை வெட்டி, அதை வைத்து 9 சதுரங்கள் கத்தரிக்க வேண்டும்.

3. அவற்றைத் தரையில் மூன்று வரிசையாகப் பரப்பி, நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதிக்கு அவசரம் கூடாது.

4. ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இணைத்தால், ஒவ்வொரு சதுரமும் நான்கு அங்குலமாகும். சுற்று ஓரத்தையும் மடித்துத் தைத்தபின் 12 அங்குலச் சதுரம் கிடைக்கும்.

5. நடு அடுக்கையும் அடித்துணியையும் வைத்து, விலகாதபடி பெரிய தற்காலிகத் தையல் போட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டுத் தையல் இட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

இந்த ஒரு சதுரம் அமரும் இருக்கைக்குப் போதும். நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள்கூட இதைச் சில வாரங்களில் முடிக்கலாம். ஆண்களும் பழகலாம்; தையற்கடைகளில் ஊசி பிடிப்பவர் பலர் ஆண்களே.

கவனிக்க வேண்டியவை

போதிய வெளிச்சத்தில் தைக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் மணிக்கட்டையும் அசைக்க வேண்டும். சிறுகுழந்தைகள் உள்ள வீட்டில் ஊசிகளை எண்ணி வைப்பது நல்லது.

தையல் மனத்துக்குத் துணையாகலாம்; மருத்துவத்துக்கு மாற்றாகாது. தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும். மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவிச் சேவையை 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.